ராஸ்பெரி பை 4 வீட்டு ரௌட்டராக: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டுக்கு வருவது ஃபைபர் இணைப்பு. இறக்க 100 எம்பிபிஎஸ், ஏற்ற 20. வேகச் சோதனை ஓட்டினால் எண்கள் சரியாகவே வரும். ஆனால் யாராவது ஒருவர் போனில் படங்கள் பேக்கப் ஆகத் தொடங்கினால் போதும், பக்கத்து அறையில் நடக்கிற ஆன்லைன் வகுப்பு திக்க ஆரம்பிக்கும். குரல் உடையும், முகம் அப்படியே உறைந்து நிற்கும். பேக்கப் முடிந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சேவை மையத்தில் கேட்டால், "ஸ்பீடு சரியாத்தான் வருது சார்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. வேகத்தில் குறை இல்லை, குறை வரிசையில் இருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டு அதையே வீட்டு ரௌட்டராக்கினோம். ஏன் அந்தக் கணினி, ஏன் அந்த ஃபர்ம்வேர், எங்கே நன்றாக ஓடியது, எங்கே கவனம் தேவைப்பட்டது என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸ், ரேம் எத்தனை ஜிபி என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ரௌட்டர் வேலைக்கு அதைவிட முக்கியமானது, பாக்கெட்டுகள் (தரவு பயணிக்கும் சிறு துண்டுகள்) அந்தக் கணினிக்குள் எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுகின்றன என்பது. ராஸ்பெரி பை மாடல்களின் வரலாறே இதற்குச் சாட்சி.

வரிசையில் என்ன நடந்தது

ஃபைபர் பெட்டிக்குள், வெளியே போகக் காத்திருக்கும் பாக்கெட்டுகளை நிறுத்தி வைக்க ஒரு நினைவிடம் இருக்கும். அது பெரிதாக இருந்தால் பாக்கெட் எதுவும் தொலையாது, அதனால் நல்லது என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். 1 எம்பி அளவுக்கு வரிசை நிறைந்திருக்கிறது என்று வையுங்கள். அது 80 லட்சம் பிட். நொடிக்கு 2 கோடி பிட் ஏற்றும் லைனில் அந்த வரிசை காலியாக 0.4 நொடி ஆகும். பேக்கப் ஓடும் நேரத்தில் வகுப்பிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு குரல் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்று 400 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இங்கே வரிசையிலேயே போய்விடுகிறது.

கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் இந்த நோயை 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே கண்டுபிடித்து, அதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒரு பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும் முறை அது. நின்ற நேரம் தொடர்ந்து 5 மில்லிநொடியைத் தாண்டினால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். அதைப் பார்த்து அனுப்புகிற கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எரிக் டூமாஸே, ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து எஃப்கியூ-கோடெலை எழுதினார். அதன் அடுத்த கட்டமான கேக், 2018-இல் லினக்ஸ் 4.19 கர்னலில் சேர்ந்தது.

இந்த வேலை முழுவதற்கும் பின்னால் ஓயாமல் நின்றவர் டேவ் டாட். சோதனைக்காகவே செரோடபிள்யூஆர்டி என்ற ஒரு கிளையை நடத்தி, அதில் தேறியதை ஓப்பன்டபிள்யூஆர்டிக்குக் கொண்டு சேர்த்தார். 2025 ஏப்ரலில் மறைந்தார். இன்று கோடிக்கணக்கான வீடுகளில் வீடியோ அழைப்பு திக்காமல் ஓடுவதில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்து இருக்கிறது, அதை எங்கே போடுவது? இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டியில் கேக் கிடையாது, எதையும் நிறுவ வழியும் கிடையாது. நம்முடைய ரௌட்டர் ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் வைத்து, லைனின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக நாமே அனுப்ப வேண்டும். அப்போது வரிசை பெட்டிக்குள் உருவாகாது. நம் ரௌட்டரில் உருவாகும், அங்கே கேக் அதைப் பார்த்துக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் ரௌட்டர் ஏன் போதவில்லை

ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்ததே கடை ரௌட்டரில்தான். 2002 கடைசியில் விற்பனைக்கு வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி-க்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் என்ற திறமூல உரிமப்படி மூலநிரலைத் தரவேண்டும் என்று கேட்க, 2003-இல் அது வெளியானது. அதைப் பிடித்துக்கொண்டு 2004-இல் தொடங்கிய திட்டம் இது. பெயரிலேயே அந்த மாடலின் எழுத்துகள் இருக்கின்றன. 2016-இல் லீட் என்ற கிளை பிரிந்து போய், 2018-இல் மீண்டும் ஒன்றாகியது.

அன்றைய ரௌட்டர்களில் பலவற்றில் 4 எம்பி ஃபிளாஷ்தான். இன்று 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் இல்லாத கருவிகளில் புதிய பதிப்புகள் ஓடுவது கஷ்டம். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் கருவிகளுக்கு 19.07 தான் கடைசிப் பதிப்பு.

இடப் பற்றாக்குறையைவிடப் பெரிய சிக்கல் வேறு. விலை குறைந்த ரௌட்டர்களின் பிராசசர் மிகச் சிறியது. பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை அவை எட்டுவது வன்பொருள் ஆஃப்லோடு என்ற குறுக்குவழியால். ஒரு உரையாடலின் முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் பிராசசர் பார்க்கும், மீதியை ஸ்விட்ச் சிப்பே தள்ளிவிடும். கேக் வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு பாக்கெட்டும் பிராசசர் வழியே போயாக வேண்டும். கேக்கை இயக்கிவிட்டால் குறுக்குவழியைக் கைவிட வேண்டியிருக்கும். அப்போது அந்தச் சின்ன பிராசசர் மூச்சுத் திணறிப்போகும். வேகமாக ஓடிய ரௌட்டர் இதைப் போட்டதும் மெதுவாகிவிட்டது என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பழைய மேசைக் கணினியைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். பிராசசர் வலு தாராளமாகப் போதும், ஆனால் மின்சாரம்? இராப்பகலாக 50 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். 5 வாட் இழுக்கும் குட்டிக் கணினிக்கு 7 யூனிட்டைச் சற்றுத் தாண்டும். மின்வெட்டு நேரத்தில் சிறிய பேட்டரியில் ஓட்டவும் பின்னதுதான் உதவும்.

குட்டிக் கணினியின் வாசல்

2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை பி மாடலில் லேன் சாக்கெட் இருந்தது. ஆனால் அது பிராசசரோடு நேராக இணைந்ததல்ல. லேன்9512 என்ற ஒரே சிப்தான் யூஎஸ்பி ஹப்பாகவும் 100 எம்பிபிஎஸ் லேனாகவும் இருந்தது. அந்தச் சிப்பிலிருந்து பிராசசருக்குப் போவது ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 வழி, 480 எம்பிபிஎஸ். ரௌட்டருக்கு இரண்டு லேன் வாசல் வேண்டும் என்று ஒரு யூஎஸ்பி அடாப்டரைச் செருகினால், உள்ளே வருவதும் வெளியே போவதும் அதே சந்தில்தான் நடக்க வேண்டும்.

2018 மார்ச்சில் வந்த 3பி+ பார்க்கக் கவர்ச்சியாக இருந்தது. நான்கு கோர், 1.4 கிகாஹெர்ட்ஸ், கிகாபிட் லேன். அந்தக் கிகாபிட் லேனும் யூஎஸ்பி 2.0 மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதிகபட்சம் 300 எம்பிபிஎஸ் தான் என்று ராஸ்பெரி பை நிறுவனமே சொன்னது. அதுவும் ஒரு வாசலுக்கு. ரௌட்டராக வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தச் சந்தை இரண்டு முறை கடக்க வேண்டும். பிராசசர் எவ்வளவு சும்மா இருந்தாலும் பயன் இல்லை. பெரிய கல்யாண மண்டபத்துக்கு ஒற்றைக் கதவு வைத்தது போலத்தான்.

2019 ஜூனில் வந்த பை 4-இல்தான் இது மாறியது. பிசிஎம்2711 சிப்புக்குள்ளேயே லேன் கட்டுப்படுத்தி இருக்கிறது, யூஎஸ்பி நடுவில் இல்லை. யூஎஸ்பி 3.0 வாசல்கள் தனியாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே விஎல்805 என்ற சிப்பின் மூலம் வருகின்றன. ஆக, சொந்த லேன் ஒரு பாதை, யூஎஸ்பி 3.0 அடாப்டர் இன்னொரு பாதை. ஒன்றை ஒன்று மறிப்பதில்லை. 1.5 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் ஏ72 கோர்கள் நான்கு. எங்கள் லைன் அளவுக்குக் கேக் ஓட்டுவது அவற்றுக்கு மிகச் சின்ன வேலை. அதிகாரபூர்வ ஓப்பன்டபிள்யூஆர்டி ஆதரவு 2021-இல் வந்த 21.02 பதிப்பிலிருந்து இருக்கிறது.

நிறுவியது

ஓப்பன்டபிள்யூஆர்டி இமேஜை (நிறுவத் தயாரான மென்பொருள் கோப்பு) மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிச் செருகினால் சில நொடிகளில் 192.168.1.1 முகவரியில் லூசி என்ற அமைப்புப் பக்கம் வந்துவிடும். கடவுச்சொல் இருக்காது. முதல் வேலையாக அதை வைக்க வேண்டும்.

இரண்டாவது லேனுக்கு ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ள கிகாபிட் அடாப்டரைத் தேர்ந்தெடுத்தோம். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அடாப்டரின் டிரைவர் இமேஜில் இல்லாவிட்டால் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆனால் அடாப்டர் ஓடினால்தான் இணையமே வரும். இதற்கு அழகான தீர்வு ஃபர்ம்வேர் செலக்டர். ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்திலேயே உள்ள அந்தக் கருவியில் நம் கணினியின் பெயரைத் தேர்ந்து, தேவையான தொகுப்புகளை எழுதிக் கொடுத்தால் அவற்றையும் சேர்த்து இமேஜ் கட்டித் தருகிறது. அடாப்டர் டிரைவர், கேக்கை இயக்கும் எஸ்கியூஎம் தொகுப்பு, வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் வயர்கார்டு எல்லாவற்றையும் அங்கேயே சேர்த்துவிட்டோம்.

எந்த வாசலை எதற்கு வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். வீட்டுப் பக்கத்துக்குச் சொந்த லேனையும் இணைப்பு நிறுவனப் பக்கத்துக்கு யூஎஸ்பி அடாப்டரையும் வைத்தோம். அடாப்டர் எப்போதாவது தொங்கிப்போனால் இணையம் மட்டும்தான் போகும், ரௌட்டருக்குள் நுழைந்து பார்க்க வழி இருக்கும். மாற்றி வைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அடாப்டரை நீல நிற யூஎஸ்பி 3.0 வாசலில்தான் செருக வேண்டும். கறுப்பில் செருகினால் 3பி+ காலத்துச் சந்து திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரௌட்டர் வேலை செய்யாமல் தரவை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மாற்றாவிட்டால் பெட்டி ஒருமுறை, நம் ரௌட்டர் ஒருமுறை என்று முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும். பிபிபிஓஇ (நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனத்தின் லைனில் நம் தரவுக்கான அடையாள எண்) மூன்றையும் கேட்டு வாங்கிக் காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது. விலேன் எண் தப்பினால் கேபிள் விளக்கு எரியும், லூசியில் எல்லாம் சரியாகத் தோன்றும், ஆனால் இணைப்பு மட்டும் வராது. பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போவதால் பாக்கெட் அளவு 1500-லிருந்து 1492 ஆகும். அதற்கேற்ற திருத்தத்தை ஓப்பன்டபிள்யூஆர்டி இயல்பாகவே செய்துவிடுகிறது.

பை 4-இல் இருக்கும் வைஃபையை வீட்டு வைஃபையாகப் பயன்படுத்தவில்லை. அந்தச் சிப் ஒரு கருவி இணையத்தோடு சேர்வதற்காக வைத்தது, பல பேருக்குப் பரப்புவதற்கல்ல. பழைய ரௌட்டரில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் லேன் வாசலில் பையிலிருந்து வரும் கேபிளைச் செருகினால் அதுவே வைஃபை பரப்பியாகிவிடுகிறது. வழி காட்டும் வேலை பைக்கு, அலை பரப்பும் வேலை பழைய ரௌட்டருக்கு. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாளை வைஃபை தரம் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கேக் வந்த பிறகு

எஸ்கியூஎம் பக்கத்தில் வெளி வாசலைத் தேர்ந்து, லைன் வேகத்தில் 90 சதவீதம் கொடுத்தோம். இறக்க 90, ஏற்ற 18. வரிசை முறைக்குக் கேக். இதற்கு முன்பு பேக்கப் ஓடும்போது பிங் நேரம் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) நூற்றுக்கணக்கான மில்லிநொடிக்கு ஏறும். இப்போது லைன் சும்மா இருக்கும்போது வரும் எண்ணிலிருந்து சில மில்லிநொடிதான் விலகுகிறது. வகுப்பு திக்குவதில்லை. வேகச் சோதனையில் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும். அது தெரிந்தே கொடுக்கிற விலை. வீட்டில் யாரும் அந்தக் குறைவை உணர்ந்ததாகச் சொல்லவில்லை.

கேக்கின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். உரையாடல்களுக்குள் மட்டுமல்ல, வீட்டில் உள்ள கருவிகளுக்குள்ளும் அது சமமாகப் பிரிக்க முடியும். ஒரு மடிக்கணினி ஐம்பது இணைப்புகளைத் திறந்து இறக்கிக்கொண்டிருந்தாலும், ஒரே இணைப்பில் இருக்கும் பாட்டியின் டேப்லெட்டுக்கு உரிய பங்கு கிடைக்கும். இதற்கு எஸ்கியூஎம் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. எழுதினால் வீட்டுச் சண்டை குறையும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை அடைய வயர்கார்டு வைத்தோம். பை 4-இல் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான தனி வன்பொருள் கட்டளைகள் கிடையாது. வயர்கார்டு பயன்படுத்துவது சாசா20 என்ற வேறு முறை, அது அப்படிப்பட்ட உதவி இல்லாமலே வேகமாக ஓடும்.

மின்வெட்டு, கார்டு, கடிகாரம்

எஸ்டி கார்டு சீக்கிரம் கெட்டுவிடுமே என்ற பயம் நியாயமானது. முழு லினக்ஸ் போட்டு ஓயாமல் பதிவுகள் எழுதினால் அப்படித்தான் ஆகும். ஓப்பன்டபிள்யூஆர்டி அப்படி இல்லை. பதிவுகள் ரேமில் இருக்கும். ஸ்குவாஷ் எஃப்எஸ் இமேஜைத் தேர்ந்தால் அடிப்படை அமைப்பு எழுதவே முடியாத பகுதியில் உட்கார்ந்திருக்கும், நாம் செய்யும் மாற்றங்கள் மட்டும் மேலே ஒரு அடுக்கில் சேரும். அமைப்புகளை மாற்றும்போதுதான் கார்டில் எழுத்து விழுகிறது. 4 எம்பி ஃபிளாஷ் உள்ள பெட்டிகளுக்காகச் சிக்கனமாக வளர்ந்த இந்தப் பழக்கம், அடிக்கடி மின்சாரம் போகும் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

கடிகாரம்தான் தொல்லை. பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் மணி என்ன என்று அதற்குத் தெரியாது. அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியது எது என்று பார்த்து, அந்தத் தேதியிலிருந்து தொடங்கும். அப்புறம் இணையம் வந்ததும் சரிசெய்துகொள்ளும். தளப் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ்ஸை மறையாக்கி அனுப்பும்படி வைத்திருந்தால் இங்கே ஒரு வட்டம் விழும். தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது, சான்றிதழ் செல்லாவிட்டால் நேர வழங்கியின் பெயரைத் தேட முடியாது. நேர வழங்கிகளில் ஒன்றையாவது எண் முகவரியாகவே கொடுத்து வைத்தால் அந்த வட்டம் அறுந்துவிடும்.

மின் அடாப்டரிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 5 வோல்ட் 3 ஆம்பியர் நிலையாகத் தருவது வேண்டும். பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கும், முதலில் தொங்குவது யூஎஸ்பி லேன்தான்.

இன்று தொடங்குகிறவர்களுக்கு வேறு வழிகள்

கையில் பை 4 சும்மா இருந்தால் தாராளமாக அதைப் போடலாம். புதிதாக வாங்குவதானால் இரண்டு லேன் வாசலோடு வரும் குட்டிக் கணினிகளைப் பார்ப்பது நல்லது. நானோபை ஆர்2எஸ்-இல் இரண்டு கிகாபிட் வாசல் உண்டு, அதில் ஒன்று உள்ளுக்குள்ளேயே யூஎஸ்பி 3.0 வழியாக வருகிறது. ஆர்4எஸ்-இல் இரண்டாவது வாசல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி, பிராசசரும் பெரியது. இவற்றோடு தயாரிப்பாளர் தரும் சொந்த வகை ஃபர்ம்வேரும் உண்டு. நான் அதிகாரபூர்வ ஓப்பன்டபிள்யூஆர்டி இமேஜைத்தான் போடச் சொல்வேன். காரணம் பாதுகாப்புத் திருத்தங்கள். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரௌட்டர் போன்ற கருவிகளில் புகுந்திருந்ததாகச் சிஸ்கோவின் டேலோஸ் குழு கண்டது. தெரிந்த ஓட்டைகளைத் திருத்தாமல் விட்ட கருவிகள் இப்படிப்பட்டவற்றுக்குத் திறந்த வீடு.

ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே தன் இருபதாம் ஆண்டை ஒட்டி ஒரு கருவியை வடிவமைத்தது. பெயர் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன். 2024 நவம்பரில் வந்தது, தயாரிப்பு பனானா பை. ஒரு 2.5 கிகாபிட் வாசல், ஒரு கிகாபிட் வாசல், 1 ஜிபி ரேம், நல்ல வைஃபை, பேட்டரிக் கடிகாரம். மீட்பு நிரலைத் தனி ஃபிளாஷ் சிப்பில் வைத்து ஒரு சுவிட்சும் கொடுத்திருக்கிறார்கள், எதைக் கெடுத்தாலும் மீட்டுவிடலாம். பையில் நாங்கள் சுற்றிப்போய்ச் சமாளித்தவற்றை அவர்கள் கருவியிலேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்கள். புதிய பெரிய பதிப்பு வந்தபின் பழையதற்குத் திருத்தங்கள் வருவது சில மாதங்கள்தான். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்ற வேண்டும். அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு என்ற வசதி, நாம் சேர்த்த தொகுப்புகளையும் உள்ளடக்கிப் புதிய இமேஜைக் கட்டித் தந்து, அமைப்புகளையும் காப்பாற்றிவிடுகிறது. மாற்றுவதற்கு முன் அமைப்புகளின் நகலை லூசியிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இந்த ரௌட்டரைப் பற்றித் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால், அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது? பையில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வேலை செய்யும் கார்டின் முழு நகலை இன்னொரு கார்டில் எழுதி, ரௌட்டரின் மேல் உறையிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் தமிழில் நான்கு வரி: மின்சாரத்தை நிறுத்து, கார்டை மாற்று, மின்சாரம் கொடு, இரண்டு நிமிஷம் பொறு. அதுவும் சரிவரவில்லை என்றால் நிறுவனத்துக்குப் போன் செய்து பெட்டியைப் பழைய ரௌட்டர் முறைக்கே மாற்றித் தரச் சொல்லலாம் என்று ஐந்தாவது வரியில் அந்த எண்ணும் இருக்கிறது.